87 ரன்களும் 315 விக்கெட்டுகளும்

2003 மார்ச் 23ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க் நகரில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜவகல் ஸ்ரீநாத் 10 ஓவர்கள் வீசி 87 ரன்கள் கொடுத்தார். விக்கெட் ஒன்றும் விழவில்லை. அதுவே அவருடைய கடைசி சர்வதேச ஆட்டம். இன்றும் அவர் பேச்சு வந்தால் முதலில் அந்த 87ஐச் சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். முப்பது வருஷம் உழைத்த குமாஸ்தாவை, ஓய்வு பெறும் நாளில் கூட்டலில் விட்ட பிழையை வைத்து எடை போடுவது போன்றது இது.

பேரேட்டை முழுவதுமாகப் புரட்ட வேண்டாமா? 1991 அக்டோபரில் ஷார்ஜாவில் தொடங்கி 229 ஒரு நாள் ஆட்டங்கள், 315 விக்கெட்டுகள். ஒரு நாள் ஆட்டங்களில் இந்தியாவுக்காக இவரைவிட அதிகம் எடுத்தவர் கும்ப்ளே ஒருவரே. அவரோ சுழற்பந்து வீச்சாளர். நம் வேகப்பந்து வீச்சாளர்களில் வேறு எவரும் இன்று வரை இந்த எண்ணிக்கையை எட்டவில்லை.

இதை அவர் எடுத்த களங்களையும் நினைக்க வேண்டும். பந்து எழும்பாத உள்ளூர் ஆடுகளங்கள். முதல் 15 ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே இருவரை மட்டுமே நிறுத்தலாம் என்ற விதி. அடிப்பவருக்கு எல்லாச் சலுகையும் கொடுத்துவிட்டு, புதுப் பந்தை மட்டும் இவர் கையில் கொடுத்தார்கள். டெஸ்ட் ஆட்டத்திலோ, 1991லேயே ஆஸ்திரேலியாவில் களமிறங்கியவர் சொந்த நாட்டில் ஒரு டெஸ்ட் ஆட 1994 நவம்பர் வரை காத்திருந்தார். கபில்தேவ் ஓய்வு பெற்ற பிறகுதான் இடம் காலியாயிற்று. காலியிடத்துக்காகக் காத்திருப்பது என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இடம் கிடைத்ததும் ஓய்வில்லை. 1997இல் தோள்பட்டை பழுதாகி அறுவை சிகிச்சை வரை போயிற்று. மேற்கிந்தியப் பயணம் கை நழுவியது. பலர் அத்துடன் ஆட்டத்தை மறந்திருப்பார்கள். இவர் அவ்வாண்டின் இறுதிக்குள் திரும்பி வந்தார்.

பெங்களூர்க்காரர்கள் 1996 அக்டோபர் 21ஆம் தேதியை மறந்திருக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 216 ரன் தேவை. 164க்கு 8 பேர் வெளியேறிவிட்டனர். கும்ப்ளேயும் ஸ்ரீநாத்தும் பிரியாமல் 52 ரன் சேர்த்து வென்றனர். வேடிக்கை பாருங்கள்: பந்து வீசிப் பிழைத்த மனிதரை இவ்வூர் தலையில் வைத்துக் கொண்டாடியது, அவர் மட்டை பிடித்த இரவில்!

2003 உலகக் கோப்பையிலும் இறுதியாட்டத்துக்கு முன்பே அவர் 16 விக்கெட்டுகள் எடுத்திருந்தார். அந்தப் பதினாறும் சேர்ந்தே இந்தியா இறுதிக்குப் போயிற்று.

இன்று வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஊதியம் பெருகியிருக்கிறது, மகிழ்ச்சியே. ஆனால் 20 ஓவர், 50 ஓவர், டெஸ்ட் என்று மாறி மாறி ஓடும் கால்களும் தோளும் மனித உறுப்புகள்தாம். யாருக்கு எப்போது ஓய்வு என்பதை ஆட்ட அட்டவணையும் விளம்பரதாரரும் தீர்மானிக்கக் கூடாது. மருத்துவர் சொல்லே முடிவாக இருக்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் அடி வாங்கியவரை மறுநாளே நீக்கச் சொல்லும் கூச்சலுக்கும் தேர்வுக் குழுவினர் செவி சாய்க்கக் கூடாது என வலியுறுத்துகிறோம்.