இயந்திரத்துக்கு எழுதும் சூத்திரம்

பத்திரிகைக்காக நான் எழுதிய பழைய கட்டுரைகளிற் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டது. திரையில் தமிழாகத் தோன்றினாலும் கணனிக்கு அது தமிழன்று. 'அம்மா' என்ற சொல்லை அது எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்னும் ஐந்து ஆங்கில விசைக்குறிகளாகவே வைத்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் கட்டுரை முழுவதும் பொருளற்ற குறிகளாகிவிடும். இவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, ஊர்ப்பெயர் வரிசையில் ஓர் அட்டவணையும் அமைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

அண்மையில் விடுமுறைக்கு நீர்வேலிக்கு வந்திருந்த என் மருமகன் அந்த வேலையைப் பொறுப்பேற்றான். மென்பொருள் எழுதுவது அவன் தொழில். ஆயினும் இப்போது நிரலைத் தன் கையால் எழுதுவது குறைவு. செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் சொல்கிறான், அது எழுதுகிறது, அவன் படித்துத் திருத்துகிறான். பிறர் எழுதியதைச் செப்பனிட்டே தலை நரைத்த எனக்கு இந்த ஏற்பாடு விசித்திரமாகத் தோன்றவில்லை.

விசித்திரமாகத் தோன்றியது ஒன்றுதான். இந்த உதவியாளருக்குப் பொதுவாக நேற்றைய நினைவு இருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் இன்றுதான் வேலைக்குச் சேர்ந்த பயிலுநர் போல வந்து அமர்கிறது. ஆதலால் இத்திட்டம் எதைப் பற்றியது, எவ்வாறு இயக்குவது, எதைச் செய்யலாகாது என்பவற்றை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறார்கள். வேலையைத் தொடங்குமுன் உதவியாளர் அதனைப் படித்துக்கொள்ளும். கிளோட் கோட் என்னும் உதவியாளர் 'கிளோட்.எம்டி' என்ற பெயரில் அக்கோப்பைத் தேடும். கேர்சர், கிற்ஹப் கோபைலற் ஆகியன தமக்கென வேறு இடங்களை வகுத்துக்கொண்டன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2025இல் 'ஏஜென்ற்ஸ்.எம்டி' என்ற பொதுவடிவம் முன்வைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில் அது லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அமைந்த புதிய அமைப்பொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது.

பெயர் குறித்து ஓர் இணக்கம் உருவாகி வருகிறது. உள்ளே எழுதுவது எவ்வாறு என்பதே தீராத வினா.

மருமகனின் கோப்பு முதல் நாள் பத்து வரிகளாக இருந்தது. உதவியாளர் தவறு செய்யும்போதெல்லாம் அவன் ஒரு வரியைச் சேர்த்தான். இரண்டு வாரங்களில் முந்நூறு வரிகளைத் தாண்டிற்று. ஓரிடத்தில் 'மூலத்தின் எழுத்துக்கூட்டலை மாற்றாதே' என்றிருந்தது. இன்னோரிடத்தில் 'எழுத்துப்பிழைகளைத் திருத்து' என்றிருந்தது. விளைவு, நான் 'கணனி' என்று எழுதியதை ஒரு கட்டுரையில் 'கணினி' ஆக்கிய இயந்திரம், மறு கட்டுரையில் அப்படியே விட்டுவிட்டது.

"முதல் சொல்லுக் கேட்டது மாமா. இப்ப எழுத எழுதக் கேக்குதில்லை" என்றான்.

"நீ எழுதினதை நீயே ஒருக்கா வாசிச்சுப் பார் தம்பி" என்றேன்.

நன்னூலின் பாயிரம் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை எடுத்துரைக்கிறது. பள்ளியில் அவற்றை மனனஞ் செய்த காலத்தில் அவை எதற்கு என்று விளங்கவில்லை. மருமகனின் கோப்பை வாசித்தபோது விளங்கிற்று. எழுத்துக்கூட்டல் பற்றிய அவ்விரு வரிகளும் மாறுகொளக் கூறல். 'நல்ல நிரலாக எழுது' என்பது போன்ற அறிவுரைகள் மிகைபடக் கூறல். கெட்ட நிரலை எழுதென்று எவரும் கேட்பதில்லை. இயக்கும் கட்டளை மூன்றிடங்களில் இருந்தது கூறியது கூறல். இத்தனை வரிகளுக்கிடையில் 'கணனி' என்பது ஈழத்து வழக்கு, அது பிழையன்று என்ற செய்தி மட்டும் எங்கும் இல்லை. அது குன்றக் கூறல்.

இயந்திரம் ஒரே வேளையில் கருத்திற்கொள்ளக்கூடிய அளவுக்கு எல்லை உண்டு. அறிவுறுத்தற் கோப்பும் அவ்வெல்லைக்குள்ளேயே இடம்பிடிக்கிறது. தேவையற்ற வரி ஒவ்வொன்றும் தேவையான வரியின் குரலைத் தாழ்த்திவிடும். சூத்திரம் சுருங்க வேண்டும் என்று முன்னோர் வகுத்தது ஏட்டைச் சேமிப்பதற்காக மட்டுமன்று.

ஒழுங்குபடுத்துவதற்குப் பத்திரிகை அலுவலக வழக்கம் உதவியது. நாளேடு முழுவதற்கும் பொதுவான நடைவிதிகள் ஒரு தாளில் இருக்கும். மரண அறிவித்தற் பக்கத்துக்கோ தனிவிதிகள் உண்டு. 'பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட' என்ற தொடர், உறவுமுறைகளின் வரிசை ஆகியவற்றை விளையாட்டுச் செய்தி எழுதுபவர் அறிய வேண்டியதில்லை. கோப்புகளையும் இவ்வாறே பிரிக்கலாம். திட்டத்தின் முகப்பில் பொதுக்கோப்பு; உட்பிரிவுகளில் அவ்வவற்றுக்குரிய சிறு கோப்புகள். ஏஜென்ற்ஸ்.எம்டி முறையில், வேலை நடக்கும் இடத்துக்கு மிக அண்மையிலுள்ள கோப்பே முன்னுரிமை பெறும். எங்கள் பொதுக்கோப்பு இப்போது நாற்பது வரி. ஒவ்வொரு விதிக்கும் காரணம் ஒரு வாக்கியத்தில் உண்டு. காரணம் தெரிந்தால்தான் விதி தேவையற்றுப்போகும் நாளில் அதனை நீக்கத் துணிவு வரும்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். எங்கள் கோப்பில் எஞ்சிய விதிகளிற் பெரும்பாலானவை தமிழ் பற்றியவை.

'நீர்வேலி' என்பது நமக்கு நான்கு எழுத்து. ஒருங்குறியில் அது எட்டுக் குறிகள். பரவலாகப் பயன்படும் யூ.ரி.எவ்-8 முறையில் 24 பைற். எழுத்தை எண்ணச் சொன்னால் பல நிரல்மொழிகள் எட்டு என்றே விடை தரும். 20 பைற் மட்டுமே ஒதுக்கிய பெட்டியில் இவ்வூர்ப்பெயரை இட்டால் 'நீர்வே' என்பதற்கு அப்பால் இடமிராது. அயலூராகிய கோப்பாயின் முதலெழுத்தில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. தேடும்போது ஒன்று மற்றொன்றுடன் பொருந்தாது. பாமினியிலோ ஏகாரக் குறி மெய்க்கு முன்னே நிற்கும். ஒருங்குறியில் பின்னே வரும். அகரவரிசையும் அப்படியே. குறி எண்ணின்படி அடுக்கினால் றகரம் ரகரத்தின் பின்னும், னகரம் நகரத்தின் பின்னும் வந்து நெடுங்கணக்கு குலைந்துவிடும்.

இவற்றைச் சொல்லிக் கொடுத்த பின்னரும் நம்பியிருத்தல் தகாது. அறிவுறுத்தல் உத்தரவாதமன்று. ஆகவே, 'நீர்வேலி' என்பதை எண்ணினால் நான்கு வரவேண்டும் என்பது போன்ற சோதனைகளை நிரலாகவே எழுதி வைத்துள்ளோம். இயந்திரம் தானே சரிபார்க்கக்கூடியதைச் சோதனையில் வைக்க வேண்டும்; மனித முடிவாக உள்ளதை மட்டுமே கோப்பில் எழுத வேண்டும். கடவுச்சொற்களை அங்கு ஒருபோதும் எழுதலாகாது. கோப்பு நிரலோடு சேர்ந்து பலர் கைக்குப் போகும்.

'இயந்திரங்கள் ஆண்டுக்காண்டு கெட்டிக்காரத்தனம் பெறுகின்றன. இந்தக் கோப்புகள் விரைவில் வேண்டாதனவாகும்' என்று சிலர் கூறுவர். ஓரளவு உண்மை. ஒருங்குறி இலக்கணத்தை அவை தாமாகவே அறிந்துகொள்ளலாம். எனினும் 'கணனி' என்று எழுதுவதா, 'கணினி' என்று எழுதுவதா என்பது அறிவு சார்ந்த வினாவன்று. அது ஒரு முடிவு. நம் வழக்கில் தந்தையின் பெயரே முன்னே நிற்கிறது, குடும்பப்பெயர் என ஒன்று இல்லை, ஆதலால் படிவத்தில் அதனைக் கட்டாயமாக்காதே என்பதும் ஒரு முடிவு. நாம் முடிவு செய்யாத இடங்களில் இயந்திரம் தான் அதிகம் படித்த மொழியின் வழக்கத்தைப் பின்பற்றும். அந்த மொழி ஆங்கிலம்.

நம் இளைஞர்கள் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் ரொறன்ரோவிலும் இருந்து உலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். அவர்களுடைய அறிவுறுத்தற் கோப்புகளில் தமிழுக்கென நான்கு வரிகளேனும் இருக்கின்றனவா? தமிழ் எழுத்தை எண்ணுதல், தேடுதல், அடுக்குதல், பெயரெழுதுதல் ஆகியவற்றுக்கு அறிஞரும் நிரலாளரும் கூடி, எவரும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளத்தக்க ஒரு சிறு பொதுக்கோப்பை, அதற்குரிய சோதனைகளுடன் ஆக்கி வெளியிடலாம். பெரும்பணம் வேண்டியதில்லை, ஒரு பக்கம் போதும். நாளை ஒரு வைத்தியசாலைப் பதிவேட்டிலோ வங்கிப் படிவத்திலோ நம் பெயர் பாதியில் அறுபட்டு நிற்கும்போது இயந்திரத்தைக் குறைகூறிப் பயனில்லை. அதற்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதே விடையாக இருக்கும்.