சக்கரம் இல்லாத தேர்

சென்னை ஆபீஸில் சேர்ந்த முதல் நாள், பக்கத்து சீட்காரர் கேட்டார். "சாருக்கு எந்த ஊரு?"

"திருச்சிங்க."

"திருச்சியில எங்கே? என் சகலை உறையூர்தான்."

மாட்டிக்கொண்டேன். "தொட்டியம்" என்றேன்.

"தண்ணித் தொட்டியா?"

அன்றிலிருந்து ஆபீஸில் என் பெயர் 'டேங்க்'.

முசிறி தாண்டி நாமக்கல் போகிற ரோட்டில், காவிரியின் வடகரையில் இருக்கிறது எங்கள் ஊர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வாழை தெரியும், அப்புறம் வாழை, அதற்கப்புறம் இன்னும் கொஞ்சம் வாழை. தூங்குகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். பங்குனி மாதம் மட்டும் தூங்கிவிடாதீர்கள். மதுரகாளியம்மன் திருவிழாவில் ரெண்டு தேர் வரும். பெரிய தேரில் மதுரகாளி, சின்னத் தேரில் ஓலைப்பிடாரி. சின்னது என்பது ஒரு பேச்சுக்கு. அதுவே சுமார் 30 அடி இருக்கும். ரெண்டுக்கும் சக்கரம் கிடையாது.

கழன்றுவிடவில்லை சார், வைக்கவே இல்லை. தோளில் தூக்கிக்கொண்டுதான் சுற்றி வருகிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், அலங்காரத்தோடு 300 டன் எடை. அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தவர்கள் திருச்சி பெல் கம்பெனிக்காரர்கள். எங்கள் ஜில்லாவிலேயே இருக்கும் கம்பெனி! பஸ் ஏறிப் போய் ஒரு மனு கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை என்று ஊரில் நாலு பேரைக் கேட்டால் ஐந்து காரணம் சொல்வார்கள். அப்பா சொன்னது ஒன்றுதான்: "சக்கரம் வெச்சா அது வண்டிடா."

எங்கள் ஜில்லாவே இப்படித்தான். ஸ்ரீரங்கத்தில் அதே பங்குனியில் நம்பெருமாள் உறையூர் போய்க் கமலவல்லி நாச்சியாரைப் பார்த்துவிட்டு வருவார். உத்திரத்தன்று தாயார் கதவைச் சாத்திவிடுவாள். பூவையும் பழத்தையும் மேலே வீசுவாள். லேட்டாக வீட்டுக்குப் போகிற ஆபீஸ்வாசிகள் கவனிக்க வேண்டிய உற்சவம்! கடைசியில் நம்மாழ்வார் வந்து பஞ்சாயத்து பண்ணி வைக்க, வருஷத்துக்கு ஒரே ஒரு முறை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து தரிசனம் தருவார்கள். துலுக்க நாச்சியாருக்காகப் பெருமாளுக்கு ரொட்டி நைவேத்தியம் செய்கிற கோயிலும் அதுதான். 236 அடி ராஜகோபுரம் 1987-ல்தான் முடிந்தது. அதற்கு முன் பல நூறு வருஷம் மொட்டையாகவே நின்றது. அதைப் பற்றியும் அந்த ஊர்க்காரர்கள் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. நான் மட்டும் 'திருச்சி' என்று சொல்லி ஒளிந்துகொண்டிருந்தேன்.

தேர் தூக்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு. வடம் பிடித்து இழுப்பதென்றால், சும்மா கையை வைத்துக்கொண்டு வாயால் இழுக்கலாம். பல ஆபீஸ்கள் அப்படித்தான் ஓடுகின்றன. தோளில் அது நடக்காது. உயரமானவன் நிமிர்ந்தால் அவன் தோளில்தான் மரம் உட்காரும். குட்டையானவன் எவ்வளவு யோக்கியனாக இருந்தாலும் மரம் அவனைத் தொடாது. அதனால் உயரம் பார்த்துத்தான் ஆளை நிறுத்த வேண்டும். ஒருத்தன் வரவில்லையென்றால் அவன் பங்கு பக்கத்தில் இருக்கிறவன் எலும்பில் ஏறும்.

வராமல் போனவன் நான்தான்.

எனக்கு அக்கவுண்ட்ஸ் வேலை. பங்குனியும் மார்ச் 31-ம் மாமியார் மருமகள் மாதிரி ஒரே வீட்டில் இருப்பவை. "தேர் இழுக்கத்தானேய்யா? அத்தனை பேர்ல நீ ஒருத்தன் குறைஞ்சா தெரியவா போகுது?" என்றார் மேனேஜர்.

"இழுக்க இல்லை சார், தூக்க..."

"இயர் எண்டிங்ப்பா."

அந்த வருஷம் போகவில்லை. ராத்திரி அம்மா போன் பண்ணினாள். தேர் நல்லபடியாக வந்ததாம். "உன் இடத்துல அப்பா நின்னாருடா" என்றாள். அப்பாவுக்கு 64 வயது. என்னைவிட ரெண்டு அங்குலம் குட்டை. போனை அவரிடம் கொடுக்கச் சொல்லிக் கத்தினேன்.

"துண்டை நாலா மடிச்சுத் தோள்ல வெச்சேன், எட்டிடுச்சு" என்றார். ஒரு வாரம் அந்தக் கையால் சட்டை மாட்ட முடியவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. அம்மா சொன்னாள்.

மறு வருஷம் ஜனவரியிலேயே லீவு லெட்டர் கொடுத்தேன். கூடவே ஆதாரமும் சேகரித்தேன். இத்தாலியில் நோலா என்று ஓர் ஊர். 80 அடிக்கு மேல் உயரமுள்ள மரக்கோபுரங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுகிறார்கள். பேண்டு வாத்தியம் வேறு. விதர்போ என்ற ஊரிலும் இதே கூத்து. இப்படி நாலு ஊர்களின் தோள் ஊர்வலங்களை 2013-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நோலாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்கள், ஊரை விட்டாலும் தோளை விடவில்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் 1903-ல் ஒரு கோபுரம் செய்து தூக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அங்கே தூக்குகிறார்கள். (நம் ஆட்கள் வேளச்சேரியில் ஆரம்பித்தால் டிராபிக் போலீஸ் என்ன சொல்லும்?)

வீடியோவை மேனேஜரிடம் காட்டினேன். கடைசி வரை பார்த்தார்.

"அது சரி, இவங்க இயர் எண்டிங்கை என்ன பண்றாங்க?"

"நோலாவில் ஜூன் மாசம், விதர்போவில் செப்டம்பர் மாசம் சார். எங்க அம்மனுக்குத்தான் அக்கவுண்ட்ஸ் தெரியாது."

சிரித்துவிட்டார். மூன்று நாள் கேட்டேன், ரெண்டு நாள் கொடுத்தார். "டேங்க், பார்த்துத் தூக்குய்யா."

தேரன்று காலையில் என் இடத்தில் போய் நின்றேன். அப்பா தன் துண்டை மடித்து என் தோளில் வைத்தார். வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. எனக்கு நேர் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

தேர் கிளம்பியது. திரும்பிப் பார்த்தேன். துண்டு இல்லாததால் மரத்துக்கும் அவர் தோளுக்கும் நடுவில் நன்றாக இடைவெளி. ஒரு கையை மட்டும் மேலே உயர்த்தி மரத்தைத் தொட்டபடி, மூச்சு வாங்க நடந்து வந்துகொண்டிருந்தார்.

"கனமா இருக்காப்பா?" என்றேன்.

"பின்னே? நீ முன்னாடி பாத்து நட" என்றார்.