காணாத கண் காக்குமா?

‘பறவை பார்ப்பது பொழுதுபோக்கு, தேர்வெழுதும் மாணவர்க்கு அது வீண்வேலை’ என்று கூறுவோர் நம்மிடையே மிகப் பலர். நீரையும் பாலையும் பிரிக்கும் அன்னத்தைக் கட்டுரையில் வருணிக்கும் சிங்கப்பூர் மாணவன், சாங்கி முனையிலிருந்து படகேறினால் பத்து மணித்துளியில் சென்றடையக்கூடிய உபின் தீவின் இருவாய்ச்சியை அறியான். இதுவோ கல்வி?

பெண் இருவாய்ச்சி மரப்பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். சிறு பிளவின் வழியே ஆண்பறவை இரையூட்டும். பெருமரங்கள் வீழ்த்தப்பட்டால் அது பொந்துக்கு எங்கே போகும்? 19ஆம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரைவிட்டு மறைந்த இப்பறவை, 1994இல் உபினில் மீண்டும் தென்பட்டது. மனிதர் செயற்கைக் கூடுகள் அமைத்துத் துணைநின்றனர், இனம் பெருகிற்று.

அத்தீவின் செக் ஜாவா கடலோரம் நிலமீட்பு என்னும் பெயரால் தூர்க்கப்படவிருந்தது. மக்கள் திரளாகச் சென்று கண்டனர், கண்டதை எடுத்துரைத்தனர். 2001 டிசம்பரில் அத்திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. எவரும் சென்று காணாதிருந்தால், யார் வாய் திறந்திருப்பர்?

ஒத்திவைத்தல் கைவிடுதல் அன்று. நாளை அத்தீவுக்காகப் பேச வேண்டியவர்கள் இன்றைய மாணவர்களே. அவர்களை வகுப்பறையில் அடைத்துவைத்து, ‘இயற்கையை நேசி’ என்று ஏட்டில் எழுதச் சொல்வது, நீரில் இறக்காமல் நீச்சல் கற்பிப்பதற்கு ஒப்பாகும். தமிழாசிரியர்களே, ஏட்டைச் சற்று மூடுங்கள். மாணவரைத் தீவுக்கு அழைத்துச் செல்லுங்கள்!