முன்பக்கம் ஜன்னல் வேண்டாம்

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கண்ணீர்த்துளி வடிவ டிரெய்லரை வீட்டிலேயே செய்துகொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் 1930களிலேயே உண்டு. உள்ளே இருவர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. அவ்வளவுதான். இதைச் செய்ய உட்காருபவர்களுக்கு முன்பக்கம் ஒரு ஜன்னல் வைத்தால் என்ன என்று தோன்றிவிடுகிறது. படுத்தபடியே நட்சத்திரம் பார்க்கும் ஆசை நியாயமானது. அதற்காகத்தானே ஊரைவிட்டுப் போகிறோம்! ஆனால் ஓட்டத்தில் காற்றையும் மழையையும் நேருக்கு நேர் வாங்குவது அந்த முகப்புதான். காரின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல்லும் அங்கேதான் வந்து மோதும். கூரையிலிருந்து ஒரே தகடாக வளைந்து இறங்கும் அலுமினியத்தை அறுத்தால், தண்ணீர் புக நாமே வழி விடுகிறோம். வளைவின்மேல் தட்டையான சட்டம் படிந்து உட்காராது. இடுக்கில் பூசிய சீலன்ட்டும் வெயிலில் நாளடைவில் காய்ந்து விரிசல் விடும். உள்ளே பிளைவுட் ஊறுவது வெளியே தெரியாது. தெரியவரும்போது பலகை மக்கியிருக்கும். வெளிச்சத்துக்குக் கதவு ஜன்னல்கள் இருக்கின்றன. காற்றுக்கும் வானத்துக்கும் கூரையில், விளிம்பு உயர்த்தி, மூடி போட்ட திறப்பு ஒன்று போதும். முகப்பில் கை வைக்காதீர்கள்.