இடித்துக் கட்டுவதில் பசுமை இல்லை

கோபாலபுரத்தில் அவ்வை சண்முகம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருக்களில் மிஞ்சியிருக்கும் பழைய தனி வீடுகளும் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாகி வருகின்றன. 'மண்ணும் சுண்ணாம்பும் சென்னை மழைக்குத் தாங்காது. அந்தக் காலக் கட்டடம் காட்டையும் மண்ணையும் தின்றது. இடித்துவிட்டு சோலார் வைத்துப் புதிதாகக் கட்டுவதே சுற்றுச்சூழலுக்கு நல்லது' என்று இப்போது நியாயம் சொல்கிறார்கள். படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். இது தப்புக் கணக்கு.

முதலில் மழை. மெட்ராஸ் டெரஸ் என்பது இந்த ஊர் மழையைப் பார்த்தே உருவான தளம். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் ஆச்சிக்கல் எனும் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. இப்படிப்பட்ட தளம் ஒழுகுகிறது என்றால் காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் மழைநீர்க் குழாய் அடைத்திருக்கும். அல்லது விரிசலை மூட யாரோ மேலே சிமென்ட் பூசியிருப்பார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். மேலே பூசிய சிமென்ட் அதை உள்ளேயே அடைத்து வைக்கும். சுவருக்குள் இருக்கும் கட்டை நுனி உளுத்துப்போவது அந்த ஈரத்தால்தான். பராமரிப்பில் நேர்ந்த பிழைக்குப் பொருளைக் குற்றம் சொல்வது அநியாயம்.

காட்டையும் மண்ணையும் தின்றது என்பதில் உண்மை உண்டு. தேக்கு பர்மாவிலிருந்தும் வந்தது. செங்கலும் சுண்ணாம்பும் நெருப்பில் வெந்தவை. செங்கல் சூளை செய்யும் கேட்டை இன்றும் பார்க்கலாம். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணைத் தோண்டித் தோண்டிப் பாதாளமாக்கினார்கள். 2021-இல் மாவட்ட நிர்வாகம் சூளைகளை மூடியது. ஆனால் இந்தக் குறைக்கு சிமென்ட் எப்படி மருந்தாகும்? உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் ஆலைகளிலிருந்து வருகிறது. அதன் சூளைக்கு 1,450 டிகிரி வெப்பம் வேண்டும். சுண்ணாம்புக்கு 900 டிகிரியே போதும். வேகும்போது கல்லிலிருந்து வெளியேறிய வாயுவில் பெரும்பகுதியை அது இறுகும்போது காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும்.

சுடாமலே கல் செய்யவும் வழி இருக்கிறது. மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அடிமண்ணில் 5 சதவீதம் அளவுக்கு சிமென்ட் சேர்த்து, இயந்திரத்தில் அழுத்தி, நீர் தெளித்துப் பதப்படுத்தினால் கல் தயார். புதுச்சேரியை ஒட்டிய ஆரோவிலின் பார்வையாளர் மையம் இந்தக் கல்லில் கட்டியதுதான். 1992-இல் ஹசன் ஃபாத்தி கட்டடக்கலை விருது பெற்றது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியது. அதைத் தாண்டியும் அந்தக் கட்டடம் நிற்கிறது. சென்னையைப் போலவே வடகிழக்குப் பருவமழை வாங்கும் கடலோரம் அது.

'அதெல்லாம் தோப்புக்குள் ஒற்றை வீட்டுக்குச் சரி, மாடி வீட்டுக்கு ஆகுமா?' ஆகும். அதே ஆரோவிலில் விகாஸ் குடியிருப்பின் ஒரு கட்டடம் நான்கு தளம் கொண்டது. அதன் அடித்தளத்துக்குத் தோண்டிய மண்ணிலேயே அதற்கான கல்லைச் செய்தார்கள். இங்கே அஸ்திவாரத்துக்குத் தோண்டும் மண்ணை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொட்டுகிறோம். எல்லா மண்ணும் உதவாது. களியும் மணலும் சரியான அளவில் இருக்க வேண்டும், சோதித்துத்தான் பார்க்க வேண்டும். விதிமுறை தடுக்கிறது என்பதும் சரியல்ல. மண் கல்லுக்கென்றே இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1725 இருக்கிறது.

சோலார் வைத்த புதுக் கட்டடம் மின்சாரத்தை மிச்சப்படுத்தும், மறுக்கவில்லை. ஆனால் அதை எழுப்பச் செலவான சிமென்ட்டும் கம்பியும் முதல் நாளிலேயே காற்றில் ஏற்றிய கரியமில வாயுவை ஈடுகட்ட ஆண்டுகள் பல பிடிக்கும். பழைய வீட்டு மாடியில் சோலார் வைக்கவும் தடையில்லை. இடித்தே ஆக வேண்டிய வீடு என்றாலும், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் முழுசாகப் பிரிந்து வரும், தேக்கும் மறுபடி உதவும். ஜேசிபியை விட்டு நொறுக்கினால் எல்லாமே குப்பைதான்.

கோபாலபுரத்தில் பழைய வீடு வைத்திருப்பவர்களே, பில்டரிடம் கையெழுத்துப் போடும் முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு பொறியாளரை அழைத்து உங்கள் தளத்தையும் கட்டை நுனிகளையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.