காமாலையும் தாதியர் தொண்டும்

காமாலை கண்டவரைப் பேணும் விஷயத்தில் நம் கொங்கு நாட்டு ஜனங்களிடையே நெடுநாளாக இரு பிழைகள் நிலவுகின்றன. அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சுகிறோம்; அஞ்ச வேண்டிய இடத்தில் அசட்டையாயிருக்கிறோம்.

காமாலை ஈரல் நோயின் அறிகுறியாகும். அந்நோயை விளைக்கும் கிருமிகளுள் ‘ஏ’, ‘ஈ’ என்பவை மாசுபட்ட நீராலும் உணவாலும் பரவுவன. 1955-56-ல் டில்லியில் குடிநீரில் சாக்கடை கலந்தமையால் சுமார் 29,000 பேர் காமாலையுற்றனர். ‘பி’, ‘ஸி’ என்பவை முக்கியமாக இரத்தத்தின் வழியே பரவுவன. 2009-ல் குஜராத்திலுள்ள மொடாசாவில், ஒருவருக்குப் போட்ட ஊசியையே பிறருக்கும் போட்டதால் ‘பி’ கிருமி பரவிப் பலர் மாண்டனர்.

முன்னவற்றுக்குக் கொதித்தாறிய நீரும் சோப்பிட்டுக் கழுவிய கையுமே காப்பு. பின்னவற்றுக்குப் புதிய ஊசியும் கையுறையும் வேண்டும். உடனிருந்து உண்பதால் ‘பி’ கிருமி தொற்றாது. அவ்வாறிருக்க, அந்நோயாளியைத் திண்ணையில் ஒதுக்கித் தனித் தட்டில் சோறிடுவது அறியாமை, கொடுமையுமாகும்.

இவ்வுண்மையை வீட்டாருக்கு எடுத்துரைக்கத் தக்கவர் ஆஸ்பத்திரித் தாதியரே. வைத்தியர் வந்து செல்வது சில நிமிஷம். இரவெல்லாம் அருகிருப்பவர் தாதியர். நோயாளியின் புத்தி தடுமாறினும், இரத்தம் கசியினும், அபாயத்தை முதலில் காண்பவர் அவர்களே. நிறைமாதக் கர்ப்பிணிக்கு ‘ஈ’ கிருமியால் உயிருக்கே ஆபத்துண்டு. அவளைப் பச்சிலையை நம்பி வீட்டில் வைத்திருத்தல் தகாது.

பிறரைக் காக்கும் அத்தாதியரைக் காப்பவர் யார்? ‘பி’ கிருமியுள்ள இரத்தம் தோய்ந்த ஊசி கையில் தைத்தால், தடுப்பூசி பெறாதவருக்கு நோய் பற்றும் அபாயம் நூற்றுக்கு 30 வரை உண்டு. ஆறு மாதத்தில் மூன்று தடவை ஊசி போட்டுக்கொண்டால் அவ்வபாயம் பெரும்பாலும் நீங்கும். அம்மருந்துக்கு அந்நியரை அண்டி நின்ற காலமும் போய்விட்டது. 1997-லேயே ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் கம்பெனியார் மலிவான சுதேசி மருந்தைக் கொணர்ந்தனர். 2018 ஜூலை 28-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டம் இந்நோய்க்கு இலவசப் பரிசோதனையும் சிகிச்சையும் அளிக்க ஏற்பட்டதாகும்.

ஆகவே, கோயமுத்தூரிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலுமுள்ள ஆஸ்பத்திரி நிர்வாகிகள், சர்க்காராயினும் தனியாராயினும், தாதியர், ஆயாக்கள், துப்புரவுத் தொழிலாளர் அனைவருக்கும் வேலையில் அமரும் நாளிலேயே தம் செலவில் முதல் ஊசியைப் போடவேண்டும். ஒப்பந்த ஊழியர் என்று எவரையும் விலக்குதல் நியாயமன்று. கிருமி ஒப்பந்தம் பார்த்துத் தொற்றுவதில்லை.

மேடையில் தேசத் தொண்டு பேசும் அன்பர்கள் தத்தம் ஊர் ஆஸ்பத்திரிக்குச் சென்று, “தாதியர் எல்லோருக்கும் மூன்று ஊசியும் போட்டாயிற்றா?” என்று கேட்பார்களாக. விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டுமென்பது நமது வேண்டுகோள்.