அரிவாளைப் பரிசளிக்கலாமா?

(பத்தாம் வகுப்பு மாணவி)



பரிசு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை எவை? வண்ணத்தாளில் சுற்றிய பேனா, பூப்போட்ட கோப்பை, கைக்கடிகாரம், சேலை. நம் கோவில்பட்டிக்காரர்கள் வெளியூர் உறவினர் வீட்டுக்குப் போனால் கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம் இருந்தே தீரும். 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமையும் அதற்கு உண்டு. ஆனால் அரிவாளைப் பரிசாகக் கொடுத்தவர்களை நீங்கள் கண்டதுண்டா? நான் கொடுத்தேன், அதுவும் என்னைப் பெற்ற தாய்க்கு. “இது சரியா?” என்று பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். சரியே என்பது என் கருத்து. அதன் காரணங்களைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அம்மாவின் கை

எங்கள் கிராமம் கோவில்பட்டியிலிருந்து பேருந்தில் அரைமணி நேரப் பயணம். கரிசல் பூமி. ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. புரட்டாசி, ஐப்பசியில் வானத்தைப் பார்த்து விதைத்து, தை, மாசியில் அறுப்போம். மழைநாளில் பிடித்த காலை விடாத இந்த மண், கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். உளுந்து, பாசி, மக்காச்சோளம், மிளகாய் ஆகியவை எங்கள் வெள்ளாமை. வீட்டில் இரண்டு மாடுகளும் உண்டு. அறுப்பு இல்லாத நாளிலும் மாட்டுக்குப் புல் அறுத்தாக வேண்டும். ஆகவே ஆண்டு முழுவதும் அம்மாவின் கையில் பண்ணரிவாள் இருக்கும்.

அந்தக் கை இடது கை.

சிறு வயதில் அம்மா இடக்கையால் சோற்றை எடுத்தால் ஆச்சி அகப்பைக் காம்பால் அடிப்பார்களாம். அடிபட்டு அடிபட்டுச் சாப்பிடும் கை மாறியது. வேலை செய்யும் கை மட்டும் மாறவில்லை. ஊரில் ‘நொட்டாங்கைக்காரி’ என்று கேலி செய்வார்கள். அறுப்புக்கு நிரை பிடித்து நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவர் கையில் இடிக்கும் என்று அம்மாவை எப்போதும் ஓரத்திலேயே நிறுத்துவார்கள். உலகில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். ஆனால் அந்த ஒருவரை நினைத்து யார் அரிவாள் செய்கிறார்கள்?

பண்ணரிவாளின் உள்விளிம்பில் ரம்பம் போலச் சிறு சிறு பற்கள் இருக்கும். இதைக் கருக்கு என்பார்கள். கருக்கை அரிவாளின் ஒரு முகத்தில் மட்டுமே வெட்டுவது வழக்கம். கடையில் தொங்கும் அரிவாள் எல்லாம் வலக்கைக்காரருக்கு உரியவை. அதை இடக்கையில் பிடித்தால் மேல்முகம் கீழ்முகமாகிவிடும். புல்லின் தூரைக் கவ்வாமல் நழுவும். நழுவுகிற அரிவாள், புல்லைப் பிடித்திருக்கும் மற்றக் கையைத்தான் தேடி வரும். அம்மாவின் வலக்கை ஆள்காட்டி விரலில் ஏழு தழும்புகள் இருக்கின்றன. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

ஆசாரித் தாத்தாவின் கேள்வி

அம்மாவின் பிறந்தநாள் யாருக்கும் தெரியாது. “நல்ல மழை பெஞ்ச வருசம்” என்று மட்டும் ஆச்சி சொல்வார்கள். ஆகவே பரிசு கொடுக்க நாள் பார்க்கவில்லை. திருவிழாவுக்கு மாமா கொடுத்த பணமும் நான் சேர்த்து வைத்ததுமாக 250 ரூபாய் எடுத்துக்கொண்டு, பக்கத்து ஊர்க் கொல்லுப் பட்டறைக்குப் போனேன். புதிதாக ஓர் அரிவாள் வாங்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். வேறொன்றும் தோன்றவில்லை.

“யாருக்கும்மா?” என்று கேட்டார் ஆசாரித் தாத்தா.

“அம்மாவுக்கு.”

“அம்மாவுக்கு எந்தக் கை?”

எனக்குத் தெரிந்து அந்தக் கேள்வியை அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. “நொட்டாங்கை” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

“அதுக்கு ஏன் புள்ள மெதுவாச் சொல்லுத? கருக்கை மறுபக்கம் வெட்டினாப் போச்சு” என்றார். கூலி கூடுமா என்று கேட்டேன். “ரெண்டு பக்கத்துக்கும் ஒரே உளிதானே” என்று சிரித்தார்.

அன்று இரவு அம்மா தூங்கும்போது உள்ளங்கையின் அகலத்தை நூலால் அளந்து எடுத்தேன். அடுத்த சனிக்கிழமை பட்டறையில் நானே உட்கார்ந்து காற்றுச் சக்கரத்தைச் சுற்றினேன். முற்காலத்தில் தோல் துருத்தி இருந்த இடத்தில் இப்போது சக்கரம் இருக்கிறது. உலையில் எரிந்தது நம் பக்கத்துச் சீமைக்கருவேலங்கரி. பழைய லாரியின் வில்பட்டைத் துண்டு ஒன்று அதில் சிவந்து கனிந்தது. குறட்டால் எடுத்துப் பட்டடைக்கல்லில் வைத்து அடித்து, மறுபடி காய்ச்சி, மறுபடி அடித்து, பிறைபோல வளைத்தார் தாத்தா. பிறகு சிற்றுளியைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு பல்லாகக் கருக்கு வெட்டினார், மறுபக்கத்தில்.

கடைசியில் அரிவாளைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினார். இதற்குத் துவைச்சல் என்று பெயர். சட்டென்று குளிரும் எஃகு கடினமாகிவிடும். ஆனால் அப்படியே விட்டால் கல்லில் பட்டதும் பல் தெறித்துப் போகும். மறுபடி இளஞ்சூடு காட்டினால் அந்த முரட்டுத்தனம் தணியும். சூடு மிஞ்சினாலோ முனை மழுங்கும். அந்தப் பக்குவத்தைத் தாத்தா எந்தக் கருவியும் இல்லாமல், இரும்பில் ஓடும் நிறத்தைக் கண்ணால் பார்த்தே அறிந்தார். மரப்பிடியை உப்புத்தாளால் தேய்த்து நூல் அளவுக்குக் கொண்டுவந்தது மட்டும் என் வேலை. என் உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள் வந்தன.

இத்தொழில் நம் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் புதிதன்று. ஆதிச்சநல்லூரில் நூறாண்டுகளுக்கும் முன்பே அகழாய்வில் இரும்புக் கருவிகள் கிடைத்தன. சிவகளையில் இரும்பு சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே பயன்பட்டது என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஆய்வறிக்கை வெளியிட்டது. அந்தச் செய்தியைக் கேட்டுக் கைதட்டினோம். ஆனால் பக்கத்து ஊரில் உலை மூட்டி உட்கார்ந்திருக்கும் கொல்லரை நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்?

மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு வீட்டிலேயே வந்தது. அரிவாளை நீட்டினேன். “கீழ வை, கீழ வை! இரும்பைக் கையில வாங்கக் கூடாது, ஆகாது” என்றார்கள் அம்மா. கூர்மையான பொருளைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பது பலரின் நம்பிக்கை. இது நம் நாட்டில் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் கத்தியைப் பரிசாகப் பெறுகிறவர் ஒரு சிறு காசைத் திருப்பிக் கொடுத்து, ‘விலைக்கு வாங்கியதாக’ ஆக்கிக்கொள்வாராம். அதற்கு மாறாக, பின்லாந்து நாட்டில் ‘பூக்கோ’ என்னும் கத்தியைப் பரிசாகப் பெறுவது பெருமை. ஓரிடத்தில் அச்சம் தருவது வேறிடத்தில் மதிப்பாக இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்துக் கருப்பசாமி கோயில்களில் நேர்த்திக்கடனாக வைத்த அரிவாள்கள் வரிசையாக நிற்பதை நீங்கள் பார்த்ததில்லையா? தெய்வத்துக்குக் காணிக்கையாகும் அரிவாள், தாய்க்குக் கொடுத்தால் மட்டும் உறவை அறுத்துவிடுமா? ஆயினும் அம்மாவின் மனம் நோகக் கூடாது என்று நான் தரையில் வைத்தேன். அம்மா எடுத்துக்கொண்டார்கள். கூர்மையான பொருளைக் கீழே வைத்து எடுப்பதில் ஒரு பாதுகாப்பும் இருக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது மறுப்பு, அரிவாள் வன்முறையின் சின்னம் என்பது. சினிமாச் சுவரொட்டிகளில் தென்மாவட்டம் என்றாலே கையில் அரிவாள்தான். அரிவாளுக்குப் பேர்பெற்ற சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியின் புகழால் ‘திருப்பாச்சி’ என்ற பெயரில் 2005-இல் திரைப்படமே வந்தது. ஆனால் எங்கள் வீட்டு அரிவாள் புல்லையும் கதிரையும் தவிர வேறெதையும் வேண்டுமென்று வெட்டியதில்லை. வாள்கள் கலப்பைக் கொழுவாகவும் ஈட்டிகள் அரிவாளாகவும் மாறும் நாளை இறைவாக்கினர் எசாயா கனவு கண்டதாக விவிலியத்தில் படிக்கிறோம். அவர் சொன்ன அரிவாள் வேளாண்மைக்கு உரியதே. அது சமாதானத்தின் கருவி. கருவியில் குற்றமில்லை; கையிலும் மனத்திலுமே குற்றம்.

மூன்றாவது மறுப்பு என் வகுப்புத் தோழி சொன்னது. இதுவே என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. “வேலை செய்து களைத்த அம்மாவுக்கு வேலைக் கருவியையா பரிசாகக் கொடுப்பாய்? இன்னும் அறுத்துக்கொண்டே இருங்கள் என்று சொல்வது போல இல்லையா?” என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வேலையை மட்டும் கூட்டுகிற பொருள் பரிசாகாது. ஆனால் புல் அறுக்கும் வேலை என் பரிசால் வந்ததன்று. அது ஏற்கெனவே இருந்தது. பொருந்தாத கருவியால் அது இரண்டு மடங்காகி இருந்தது. ஒரு சேலை வாங்கிக் கொடுத்திருந்தால் அம்மா அதைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு, மறுநாளும் அந்தப் பழைய அரிவாளோடுதான் போயிருப்பார்கள். எட்டாவது தழும்பைச் சேலை தடுக்குமா?

பிறகு நடந்தது

அரிவாளை எடுத்த அம்மா வழக்கம்போல முதலில் அதை வலக்கைக்கு மாற்றிப் பார்த்தார்கள். ஏதோ உறுத்தியது. இடக்கைக்கு மாற்றினார்கள். கருக்கை விரலால் தடவினார்கள். “என் கையைப் பத்தி ஆசாரிகிட்ட யாரு சொன்னா?” என்று கேட்டார்கள். அந்தக் குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. “அவரே கேட்டாரும்மா” என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. புல்லுக்குப் போனவர்கள் அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே கட்டோடு திரும்பி வந்தார்கள். அரிவாளைப் பற்றி நல்லதும் கெட்டதும் பேசவில்லை. ஆனால் அதைக் கழுவித் துடைத்து, தாமே ஓர் ஆணி அடித்து, தனியாக மாட்டினார்கள்.

பழைய அரிவாள் என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? அது வலக்கை அரிவாள். எனக்குச் சரியாகப் பொருந்துகிறது. இப்போது சனி, ஞாயிறுகளில் நானும் அம்மாவோடு புல்லுக்குப் போகிறேன். என் தோழிக்கு நான் சொல்லும் மறுமொழி இதுவே.

புறநானூற்றில் பொன்முடியார் என்னும் பெண்பாற் புலவர், ஒரு மகனுக்காகத் தாயும் தந்தையும் கொல்லரும் வேந்தரும் செய்ய வேண்டிய கடமைகளை வரிசைப்படுத்துகிறார். வேலைச் செய்து கொடுப்பது அதில் கொல்லரின் பங்கு. இந்தப் பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். பிள்ளைகளுக்காக எல்லோரும் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஒருமுறையாவது பிள்ளை எழுந்து கொல்லரிடம் போய், “என் தாய்க்கு ஒரு கருவி செய்து தாருங்கள்” என்று கேட்டால் என்ன?

ஆகவே தோழியரே, எல்லோரும் அரிவாள் வாங்கிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்கு வேண்டியது மூக்குக்கண்ணாடியாக இருக்கலாம். அப்பாவுக்குப் பாதம் பொருந்திய செருப்பாக இருக்கலாம். எதைக் கொடுப்பதானாலும் கடைக்குப் போகும்முன் வீட்டில் அவர்களுடைய கையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அன்று ஆசாரித் தாத்தா என்னிடம் கேட்ட கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: “எந்தக் கை?”